பள்ளி டிரம் வகுப்புக்கு வீட்டிலேயே தயாராவது எப்படி?

பள்ளியில் டிரம் வகுப்புக்குக் கிடைக்கும் நேரம் குறைவு; ஆசிரியர் அதில் வழியைத்தான் காட்ட முடியும், கை பழகுவது அடுத்த வகுப்புக்குள் வீட்டில் செய்யும் பயிற்சியால்தான். அதற்கு முழு டிரம் செட் தேவையில்லை. 5ஏ என்ற நடுத்தர அளவுள்ள ஒரு ஜோடி குச்சிகளும், ரப்பர் பரப்புள்ள பயிற்சிப் பேடும், கைபேசியில் சீரான இடைவெளியில் தட்டு ஒலி எழுப்பும் ஒரு மெட்ரோனோம் செயலியும் தொடக்கத்தில் போதும். தலையணை மேல் அடித்துப் பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் குச்சி எழும்பாததால், எழும்பும் குச்சியைக் கட்டுப்படுத்தும் பழக்கம் கைக்கு வராது.

குச்சியின் பின்முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, மற்ற விரல்களைத் தளர்வாகச் சுற்றி வைக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒலி மழுங்குவதோடு மணிக்கட்டும் வலிக்கும். வலி தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, தட்டுக்கு இரண்டு அடியாக, வலது, இடது என மாறிமாறி அடியுங்கள். பிறகு கைக்கு இரண்டிரண்டு அடிகள். அதன்பின் பாரடிடில், அதாவது வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடிப்பது கூச்சமாக இருந்தாலும், தாளம் எங்கே நழுவுகிறது என்பதை அதுபோல வேறெதுவும் காட்டிக்கொடுக்காது. இரு கைகளின் ஒலியும் ஒன்றாகக் கேட்கும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். கூட்டும்போதும் ஒரு தடவைக்கு, நிமிடத்துக்கு நான்கைந்து தட்டுகளுக்கு மேல் கூட்ட வேண்டாம். பெரும்பாலோருக்கு இடது கை பின்தங்கும் என்பதால், ஒவ்வொரு பயிற்சியையும் இடது கையில் தொடங்கியும் ஒருமுறை செய்யுங்கள். வாரத்தில் ஒரே நாள் இரண்டு மணி நேரம் அடிப்பதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் அடிப்பதே கையில் நிற்கும்.

நான்கு எண்ணிக்கை கொண்ட அடிப்படைத் தாளத்தில் ஹை-ஹாட் (ஒன்றின்மேல் ஒன்றாக உள்ள இரு உலோகத் தட்டுகள்) எட்டு முறையும், பேஸ் டிரம் (காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்) 1, 3 ஆகிய எண்ணிக்கைகளிலும், ஸ்னேர் (முன்னால் உள்ள, கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) 2, 4 ஆகியவற்றிலும் ஒலிக்கும். செட் இல்லாதபோது ஹை-ஹாட்டுக்கு வலது கையைத் தொடையிலும், ஸ்னேருக்கு இடது கையைப் பேடிலும் தட்டி, கைகள் இரண்டும் இணைந்தபின் பேஸ் டிரம்முக்கு வலது காலைத் தரையில் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மையான டிரம் செட்டின் ஓசை எளிதில் 100 டெசிபலைத் தாண்டும்; ஆகவே குச்சிகளோடு காதடைப்பானையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று குறித்த நோட்டை வகுப்பு தொடங்கியதும் ஆசிரியரிடம் காட்டினால், அவர் நேராக அந்த இடத்திலிருந்தே திருத்தத் தொடங்க முடியும்.