மேகாங் ஆற்றில் இரண்டு நாள்: கூட்டமாகப் போகிறவர்களுக்கு

வடதாய்லாந்திலிருந்து லாவோஸில் உள்ள லுவாங் பிரபாங் போக பஸ் வேண்டாம், படகில் போங்கள். சேர்ந்து போகும் நண்பர்களுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முந்தின இரவு தாய்லாந்து எல்லை ஊரான சியாங் கோங்கில் தங்கி, காலையில் நட்புப் பாலம் வழியாக லாவோஸ் பக்கம் உள்ள ஹுவாய் சாய் படகுத்துறைக்குப் போய்விடலாம். விசாவுக்குக் கசங்காத டாலர் நோட்டுகள் வைத்திருங்கள்.

சீக்கிரம் ஏறி முன்பக்கம் இடம் பிடியுங்கள். பின்வரிசைகள் இன்ஜினை ஒட்டியவை, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பெரிய பைகளைத் தனியாக அடுக்கிவிடுவார்கள். அதனால் போர்வை, தண்ணீர், சாப்பாடு கையிலேயே இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி காலைகளில் ஆற்றுக்காற்று எலும்பைத் துளைக்கும்.

முதல் நாள் இரவு, வழியில் உள்ள பாக்பெங் ஊரில். படகு நின்றதும் நான் இரண்டு பேரை வெறுங்கையோடு மேட்டில் ஏற்றி அறை பார்க்க அனுப்புவேன். மற்றவர்கள் மூட்டைகளோடு கரையில் இருப்போம். பொதுச்செலவுக்கான கிப் (லாவோஸ் நாணயம்) பணம் ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதும், கணக்கில் சண்டை வராது.

மறுநாள் இறங்கும் துறை லுவாங் பிரபாங் ஊருக்கு வெளியே இருக்கிறது. சேர்ந்தே டுக்டுக் பிடியுங்கள். அப்புறம், விடியலில் துறவிகள் பிட்சைக்கு வரும்போது மட்டும் கூட்டமாக நிற்காதீர்கள். தள்ளி நில்லுங்கள், ஃபிளாஷ் கூடவே கூடாது.