திருப்பூர் மெயில்களில் தவிர்க்க வேண்டிய ஆங்கிலத் தவறுகள்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவராக, சேரும் பிள்ளைகளுக்குச் சேர்ந்த கையோடு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, மெயில் போடும் வேலை வந்துவிடுகிறது. இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பையர் புரிந்துகொள்வார். சொல்லே மாறினால் விஷயமும் மாறிவிடும். விலையைக் குறிக்கும் 'ப்ரைஸ்' எழுதும்போது சி வர வேண்டிய இடத்தில் இஸட் வந்தால் அது பரிசு.

"ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்களே கேக்குது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டாவதன் கடைசி ஒலி தமிழில் இல்லை, அதனால் நம் காது அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லி, அந்தக் கடைசி ஒலியை மட்டும் கவனியுங்கள். விலைக்கு விரலில் ஒன்றும் தெரியாது. பரிசுக்கு வண்டு ரீங்காரம்போலத் தொண்டை அதிர வேண்டும்.

இந்த ஒரு சோதனை பல குழப்பங்களைத் தீர்க்கும். டீ-ஷர்ட் தொளதொளவென்று இருந்தால் 'லூஸ்', இரண்டு ஓ, அதிராது. ஆர்டரை இழப்பதும் 'லூஸ்' போலத்தான் கேட்கும், ஆனால் ஒரே ஓ, அதிரும். 'அட்வைஸ்' அப்படியே: பாங்க் அனுப்பும் பேமெண்ட் அட்வைஸ், அதாவது பணம் செலுத்திய அறிவிப்பு, பெயர்ச்சொல், அதற்கு சி. "கைண்ட்லி அட்வைஸ் த ஷிப்மெண்ட் டேட்" என்பதில் அது வினைச்சொல், அங்கே எஸ், ஒலியும் அதிரும். யோசனை என்ற பொருளில் வரும்போது பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கிடையாது. எத்தனை யோசனை சொன்னாலும் அட்வைஸ்தான்.

எனக்கு மனசு பொறுக்காத பிழை 'டையிங்'. சாயமேற்றுவது என்றால் டி, ஒய்-க்குப் பிறகு ஈ இருந்தே ஆக வேண்டும். அந்த ஈ விழுந்தால் 'செத்துக்கொண்டிருக்கிற' என்று பொருள். உச்சரிப்பு ஒன்றே என்பதால் போர்டு எழுதுகிறவருக்கும் தெரிவதில்லை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்த ஊர் இது. சாகும் யூனிட் என்று நாமே போர்டு மாட்ட வேண்டாம்.

நாம் தைத்து ஏற்றுமதி செய்யும் உடைகள் ஈ சேர்ந்த 'க்ளோத்ஸ்'. 'க்ளோத்தஸ்' என்று இழுக்காமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அந்த ஈ இல்லாவிட்டால் துடைக்கிற துணிகளாகிவிடும்.

லோன் பேப்பரில் வரும் 'பிரின்ஸிபல்', அதாவது அசல், 'பல்' என்பதற்கு பி-ஏ-எல். காலேஜ் முதல்வருக்கும் அதுவே. பி-எல்-ஈ என்று முடிந்தால் கொள்கை.

நிட்டிங் மெஷினில் அங்குலத்துக்கு 24 ஊசி இருந்தால் 24 'கேஜ்'. மெஷின் ஓட்டுகிறவர்கள் வாயில் இது சரியாகவே வருகிறது. எழுத்தில்தான் ஏ-யும் யு-வும் இடம் மாறுகின்றன. ஜி-க்கு அடுத்து ஏ.

'ரிவர்ட் பேக்' நம்மூர் ஆபீஸ்களில் ஊறிப்போனது. அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்கே திரும்புவது என்று பொருள்; வெளிநாட்டுப் பையர் ஆர்டரில் எதையோ பழையபடி மாற்றச் சொல்கிறோம் என்று எண்ண இடமுண்டு. பதில் வேண்டுமென்றால் 'ரிப்ளை' என்றே எழுதுங்கள்.