கீழக்கரைத் தெருவின் நிழலைக் கணினியில் அளப்பது: நகர வடிவமைப்பு ஆசிரியர்களுக்கு

முதல் பயிற்சிக்கு முழு ஊரையும் கொடுக்காதீர்கள். கீழக்கரையில் கிழக்கு மேற்காக ஓடும் ஒரு சந்து, 60 மீட்டர் நீளம், போதும். நான்கு பேர் ஒரு குழு. ஆளுக்கொரு கைபேசி, குழுவுக்கு 30 மீட்டர் டேப், சாக்பீஸ், 1:500 அளவில் ஏ3 தாளில் அச்சிட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (இலவச இணைய வரைபடம்). வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள், ஜும்ஆ நேரம். வீட்டாரிடம் கேட்காமல் ஒரு படமும் எடுக்கக் கூடாது. இதை முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், மீட்டரில் அளக்கும் ஆயமுறையான யுடிஎம் 44 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி எண் 32644, வைக்க வேண்டும். டிகிரியில் அளக்கும் 4326-லேயே விட்டுவிட்டு 10 என்று பஃபர் (சுற்று எல்லை) போட்டால் அது 10 டிகிரி, தென்னிந்தியாவே மூடிப்போகும். உயர்ந்த சுவர்களில் பட்டு ஜிபிஎஸ் சிக்னல் சிதறுவதால் சந்துக்குள் எடுத்த புள்ளி அடுத்த வீட்டுக்குள் போய் விழும். இரு முனைகளிலும் திறந்த இடத்தில் புள்ளி எடுத்து, நடுவை டேப்பால் அளப்பதே நம்பகமானது.

முப்பரிமாண மாதிரிக்கு, படங்களிலிருந்து அதை உருவாக்கும் மெஷ்ரூம் மென்பொருள். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் ஒரு படம், அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும். படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாதபடி கேமராவின் எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள். வெள்ளையடித்த சுவர்தான் பெரிய சிக்கல்: அடையாளப் புள்ளி எதுவும் இல்லாததால் மாதிரியில் அந்த இடம் ஓட்டையாகிவிடும். வீட்டார் சம்மதித்தால் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டுங்கள். தரையில் சரியாக 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் குறிகள் போடுங்கள். மாதிரிக்குத் தானாக அளவு தெரியாது, இந்தக் குறிகளை வைத்துத்தான் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சரிசெய்ய முடியும்.

இனிதான் உண்மையான பாடம். சூரியன் நிற்கும் இடத்தைக் கணக்கிடும் பிளெண்டரின் சன் பொசிஷனில் அட்சரேகை 9.23, தீர்க்கரேகை 78.78, நேர மண்டலம் (யுடிசி) +5.5 கொடுங்கள். இங்கே உச்சிவெயில் 12 மணிக்கு அல்ல, சுமார் 12.15-க்கு. டிசம்பர் 21 அன்று அந்நேரத்தில் 6 மீட்டர் சுவரின் நிழல் வடக்கே 3.8 மீட்டர் நீளும். 3 மீட்டர் சந்து முழுக்கக் குளிர்ந்துவிடும். ஜூன் 21 அன்றோ நிழல் தெற்கே, வெறும் 1.5 மீட்டர். வடபுறச் சுவரை ஒட்டி மட்டும் ஒரு பட்டை. "நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே" என்று படித்துவிட்டு வரும் மாணவர் இங்கேதான் திகைப்பார்.

சரிபார்க்க, களத்தில் 1 மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்து, அதே நாள், அதே நேரத்தை மாதிரியிலும் போட்டுப் பாருங்கள். நீளம் ஒத்து, திசை மட்டும் மாறினால் மாதிரியில் வடக்குத் திசை தவறியிருக்கிறது. இரண்டும் பொருந்திய பிறகே ஜூன் வெயிலில் முதியவர் உட்காரும் திண்ணையை எந்தச் சுவரோரம் வைப்பது என்று வரையச் சொல்லுங்கள்.