ஜாங்கோ செயலியை உங்கள் கணினியில் நிறுவிச் சோதிப்பது எப்படி?

ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் எழுதப்பட்ட திறமூலச் செயலி ஒன்றுக்குப் பங்களிக்க விரும்புவோர், நிரலில் ஒரு வரியைத் தொடும் முன்பே அதன் சோதனைகளை ஒருமுறை முழுமையாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கும் சோதனைகள் எவையென்று தெரிந்துவிட்டால், பின்னர் வரும் பிழை நம் மாற்றத்தால் வந்ததா என்ற ஐயம் எழாது. கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி), பைத்தான், போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) மூன்றும் கணினியில் இருப்பதாகக் கொண்டு தொடங்குகிறேன்.

நிறுவுதல்

செயலியின் நிரல் களஞ்சியத்தைக் குளோன் செய்து (உங்கள் கணினிக்கு நகலெடுத்து), அந்தக் கோப்புறைக்குள்ளேயே மெய்நிகர் சூழலை, அதாவது இந்தச் செயலிக்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழலை, உருவாக்கி இயக்கிக்கொள்ளுங்கள். இதற்குக் கோண்டா என்ற தனிக் கருவி தேவையில்லை என்பது என் கருத்து, பைத்தான் 3.3 முதல் உடன்வரும் 'வென்வ்' போதும். லினக்ஸ் வகைகளான டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், மெய்நிகர் சூழலுக்கு வெளியே நிறுவ முயன்றால், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் 'பிப்' மறுத்துவிடும்.

அடுத்து, 'ரெக்வயர்மென்ட்ஸ்' கோப்பிலுள்ள தொகுப்புகளை நிறுவுங்கள். பைத்தானைப் போஸ்ட்கிரெஸுடன் இணைக்கும் 'சைகோபிஜி2' தொகுப்பு 'பிஜி கான்ஃபிக்' இல்லையென்று நின்றுவிட்டால், போஸ்ட்கிரெஸின் மேம்பாட்டுத் தலைப்புக் கோப்புகளை நிறுவலாம். அல்லது சைகோபிஜி2-இன் முன்கூட்டியே தொகுக்கப்பட்ட 'பைனரி' வடிவத்தைப் பயன்படுத்தலாம். உள்ளூர்ச் சோதனைக்கு அதுவே போதுமானது.

மாதிரிச் சூழல் கோப்பை நகலெடுத்து, தரவுத்தளப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிரப்புங்கள். 'டீபக்' மதிப்பு 'ட்ரூ' என்றே இருக்கட்டும். இல்லையேல் ஜாங்கோவின் உள்ளூர் வழங்கியான 'ரன்சர்வர்' நிலைக்கோப்புகளை (வடிவமைப்பு, படக் கோப்புகளை) வழங்காது, பக்கம் வடிவமைப்பின்றி வெறும் எழுத்தாகத் தெரியும். பிறகு தரவுத்தள அட்டவணைகளை உருவாக்கும் 'மைக்ரேட்', அதன்பின் 'ரன்சர்வர்' கட்டளைகளை இயக்கினால், உலாவியில் 127.0.0.1 முகவரியின் 8000ஆவது போர்ட்டில் செயலி திறக்கும்.

சோதனைகளை ஓட்டுதல்

செயலி குறையின்றி இயங்கும். 'டெஸ்ட்' கட்டளை மட்டும் தரவுத்தளத்தை உருவாக்க அனுமதியில்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். பெரும்பாலோர் கடவுச்சொல்லைத்தான் சந்தேகிப்பார்கள், ஆனால் காரணம் வேறு. ஜாங்கோ நம் தரவுத்தளத்தைத் தொடாமல், அதன் பெயருக்கு முன் 'டெஸ்ட்' என்று சேர்த்துத் தனியாக ஒன்றை உருவாக்கி, சோதனைகள் முடிந்ததும் அழித்துவிடுகிறது. ஆகவே, அந்தப் பயனருக்குத் தரவுத்தளம் உருவாக்கும் உரிமை வேண்டும். 'போஸ்ட்கிரெஸ்' நிர்வாகப் பயனராக உள்நுழைந்து, 'ஆல்டர் ரோல்' கட்டளை வழியே 'கிரியேட்டிபி' உரிமையை ஒருமுறை கொடுத்தால் போதும்.

இதைத் தவிர்க்க எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தளத்துக்கு மாறச் சொல்வோரும் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் வரிசைப் புலம் போன்ற போஸ்ட்கிரெஸுக்கே உரிய புலங்களைச் செயலி பயன்படுத்தினால், அங்கே கிடைக்கும் முடிவை நம்ப இயலாது.

சோதனையை இடையில் நிறுத்தியிருந்தால், மிஞ்சிய பழைய சோதனைத் தரவுத்தளத்தை அழிக்கலாமா என்று அடுத்த முறை கேட்கும். பெயரின் முன்னொட்டைச் சரிபார்த்துவிட்டுத் தயங்காமல் 'யெஸ்' என்று தட்டுங்கள். மைக்ரேஷன்கள் (தரவுத்தள அமைப்பை மாற்றும் படிகள்) மிகுந்த செயலிகளில் 'கீப்டிபி' விருப்பத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும் நேரம் மிச்சமாகும்.

பிற்சேர்க்கை: விண்டோஸில் மெய்நிகர் சூழலை இயக்கும்போது பவர்ஷெல் தடுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்கிரிப்டுகளை இயக்குவதற்கான அதன் பாதுகாப்புக் கொள்கையே காரணம். அதை மாற்ற விரும்பாதவர்கள் கமாண்ட் பிராம்ப்டில் அதே கோப்புறையைத் திறந்து, அங்குள்ள 'ஆக்டிவேட்' தொகுதிக் கோப்பை இயக்கலாம்.