தஃப்தர், கொப்பி: சொல்லின் வழி தேடுவோர் தடுக்கி விழும் இடங்கள்

அரபியில் குறிப்பேட்டுக்குத் ‘தஃப்தர்’ என்று பெயர். வளைகுடாவில் வேலை செய்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிய பலருக்கும் பழகிய சொல். அதனாலேயே அதை அரபியின் சொந்தச் சொல் என்று எழுதிவிடுகிறார்கள். மூலம் கிரேக்கத்தின் ‘டிஃப்தெரா’, அதாவது பதப்படுத்திய தோல். பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் கிடைக்காத காலத்தில் ஆட்டுத்தோலில் எழுதிய அயோனியர் என்ற கிரேக்கப் பிரிவினர் நூல்களையே ‘தோல்கள்’ என்று அழைத்ததாக கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிப்பிடுகிறார். தொண்டையில் தோல்போலப் படலம் படியும் டிப்தீரியா நோயின் பெயரும் அதே வேர்தான்.

பொருள் மாறியிருந்தால் வேறு சொல் என்று ஒதுக்குவதும் பிழை. தஃப்தர் உருதுவிலும் இந்தியிலும் அலுவலகம், மலாயில் பட்டியல். சுவாஹிலியில் ‘தஃப்தாரி’ குறிப்பேடாகவே நின்றுவிட்டது. பதிவேடு இருக்கும் இடம் அலுவலகமாயிற்று, பதிவேட்டில் இருப்பது பட்டியலாயிற்று. நம்முடைய ‘கந்தோர்’ வந்ததும் இப்படித்தான்: காசு எண்ணும் மேசைக்கான பிரெஞ்சுச் சொல், ஒல்லாந்தர் வாயில் அலுவலகமாகி இங்கே இறங்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படிக் காரணம் காட்ட முடியவேண்டும். முடியாவிட்டால் அந்த வழியைக் கைவிடுங்கள்.

போன சொல் திரும்பியும் வரும். இன்றைய கிரேக்கத்தின் ‘தெஃப்தேரி’ பழைய டிஃப்தெராவின் நேர் வாரிசு அல்ல; துருக்கியிலிருந்து மீண்டும் வாங்கியது.

அதிகம் தவறுவது நோட்டுப் புத்தகத்துக்கு இலங்கையில் நாம் சொல்லும் ‘கொப்பி’யில். ‘கோப்பு’ கோத்தலிலிருந்து வந்த தமிழ்ச் சொல், ‘கோப்பி’ குடிப்பது. இரண்டுக்கும் கொப்பியோடு உறவில்லை. அடுத்த சிக்கல் பெரியது. போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பு 1656இல் ஒல்லாந்தருக்கும் 1796இல் ஆங்கிலேயருக்கும் கைமாறியது. ‘கொப்பி’யை ஒத்த சொல் மூவரிடமும் உண்டு, ஆகவே ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பொருளைப் பாருங்கள். போர்த்துக்கேயத்தில் பாடசாலைக் கொப்பி ‘கடேர்னு’. ஒல்லாந்த மொழியிலும் அதற்கு வேறு சொல்தான். அவ்விரண்டிலும் கொப்பியை ஒத்த சொல்லுக்குப் பிரதி என்றே பொருள். ஆங்கிலத்தில் மட்டும் கையெழுத்துப் பழகும் ஏட்டுக்கு ‘கொப்பி புக்’ என்ற பெயர் இருந்தது. ஆங்கிலக் கல்வி பரவிய வட இந்தியாவிலும் நோட்டுப் புத்தகம் ‘காப்பி’தான். எனவே ஆங்கிலம் என்பதே வலுவான முடிவு. ‘அலுமாரி’ போர்த்துக்கேயம் என்பதற்காக அதற்குள் இருக்கும் கொப்பியையும் அந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.