முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே: ஆதியாகமம் வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் வியாழக்கிழமைதோறும் வேதபாடம் நடக்கும். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் தொடங்கிய அன்று, இரண்டாம் வசனத்தைத் தாண்டுவதற்குள் பி.யு.சி. படிக்கும் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, டைனோசர் எல்லாம் இதுல எங்க வருது?" நான் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் இருந்த பெரியவர் பதில் சொல்லிவிட்டார்: "ஒண்ணாம் வசனத்துக்கும் ரெண்டாம் வசனத்துக்கும் நடுவுல கோடிக்கணக்கான வருஷம் இருக்கு தம்பி. சாத்தான் விழுந்தப்போ அந்தப் பழைய உலகம் அழிஞ்சுபோச்சு. வேதம் சொல்லுது."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில்தான் தவறு. வேதம் அப்படிச் சொல்லவில்லை. நானும் பல வருஷம் ஞாயிறு பள்ளியில் இதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் முன்னால் இதைத் திருத்தாமல் விடவும் மனம் ஒப்பவில்லை.

இந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பாறைகளின் வயது மிக அதிகம் என்று நிலவியலாளர்கள் சொல்லத் தொடங்கிய காலத்தில், 1814 வாக்கில், ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ் இதைப் பரப்பினார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் இதை அடிக்குறிப்பில் சேர்த்தது. வசனம் இருக்கும் அதே பக்கத்தில், அதே கறுப்பு மையில் குறிப்பும் இருந்தால், பத்து வருஷம் கழித்து நினைவில் நிற்பது எது? குறிப்பும் வசனமாகிவிடுகிறது. வேத ஆராய்ச்சிக் குறிப்புகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசனத்தையும் குறிப்பையும் பிரிக்கும் கோட்டுக்கு மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டுங்கள் என்கிறேன்.

இந்தக் கருத்துக்கு ஆதாரமாக ஆதியாகமம் 1:28-ஐயும் காட்டுவார்கள். 1611இன் ஆங்கில வேதாகமத்தில் அங்கே 'ரெப்ளெனிஷ்' என்று இருக்கிறது. 'மறுபடியும் நிரப்பு' என்றால் முன்பு ஓர் உலகம் இருந்து காலியாகியிருக்க வேண்டும் என்பது வாதம். அந்தக் கால ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வெறுமனே 'நிரப்பு' என்றுதான் பொருள். எபிரேயச் சொல்லும் அவ்வளவுதான். நம் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால், "பலுகிப் பெருகி, பூமியை நிரப்பி" என்று தெளிவாக இருக்கிறது. இந்த ஊரில் நாம் ஆங்கிலப் பிரசங்கத்தை யூடியூபில் கேட்டுவிட்டுத் தமிழில் திருப்பிச் சொல்கிறோம். கையில் இருக்கும் தமிழ் வேதாகமத்தை ஒரு தடவை புரட்டியிருந்தாலே இந்த வாதம் எழுந்திருக்காது.

அன்றைக்கு டீப்பாயின் மேல் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளை விரித்து வைத்தோம். ஒன்று நாம் ஆலயத்துக்கு எடுத்துப்போகும் பவர் என்பவர் தலைமையில் வந்த 1871இன் மொழிபெயர்ப்பு: "பூமியானது ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்தது." இன்னொன்று, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா கொடுத்த திருவிவிலியம்: "தொடக்கத்தில் கடவுள் விண்ணுலகையும், மண்ணுலகையும் படைத்தபொழுது, மண்ணுலகு உருவற்று வெறுமையாக இருந்தது." இதில் இரண்டு வசனங்களும் ஒரே வாக்கியம். நடுவில் ஒரு நாள்கூட நுழைய இடமில்லை. எபிரேய மூலம் இந்த இரண்டு விதமாகவும் வாசிக்க இடம் கொடுக்கிறது. 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷியும் ஏறக்குறைய இரண்டாவது விதத்தில்தான் வாசித்தார். 'இருந்தது' என்பதை 'ஆகிவிட்டது' என்று மாற்றினால்தான் இடைவெளி கிடைக்கும். ஆனால் அந்த வசனம் எபிரேயத்தில் 'பூமி' என்ற பெயர்ச்சொல்லை முன்னால் வைத்துத் தொடங்குகிறது. அடுத்து என்ன நடந்தது என்று கதையை நகர்த்தும் அமைப்பு அது அல்ல. அப்போது நிலைமை எப்படி இருந்தது என்று விவரிக்கும் அமைப்பு.

சரி, தேவ ஏவுதல் விஷயத்துக்கு வருவோம். இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. வேதம் தேவ ஆவியினால் அருளப்பட்டது, ஆகவே அது சொல்லாமல் விட்டதிலும் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கும் என்று சிலர் தோண்டுகிறார்கள். கல்லூரிக்குப் போன பிள்ளைகளோ, இடைவெளி இருந்தால் அது தேவ வார்த்தையாக இருக்க முடியாது என்று மூடி வைத்துவிடுகிறார்கள். 2 தீமோத்தேயு 3:16-ஐ முழுசாக வாசியுங்கள். அருளப்பட்டது என்று சொன்ன கையோடு, எதற்குப் பிரயோஜனம் என்றும் பவுல் சொல்லிவிடுகிறார்: உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியைப் படிப்பித்தல். டைனோசரின் காலக்கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை. எழுதப்பட்டதற்குத்தான் அந்த அதிகாரம். நாம் இட்டு நிரப்பியதற்கு அது கிடையாது. 1 கொரிந்தியர் 7:25இல் கன்னிகைகளைப் பற்றிப் பேசும்போது, கர்த்தரிடத்தில் தனக்குக் கட்டளையில்லை, தன் அபிப்பிராயத்தைச் சொல்வதாகப் பவுல் பிரித்துக் காட்டுகிறார். பவுலே அப்படிப் பிரித்தார் என்றால், வியாழக்கிழமை ஹாலில் உட்கார்ந்து பேசும் நாம் எவ்வளவு கவனமாகப் பிரிக்க வேண்டும்!

வம்சவரலாறுகளைக் கூட்டிக் கழித்து உலகத்தின் வயதைச் சொல்வதும் இதே தவறுதான். 17ஆம் நூற்றாண்டில் ஆயர் அஷர் அப்படிக் கணக்கிட்டு, படைப்பை கி.மு. 4004இல் வைத்தார். ஆனால் மத்தேயு 1:8இல் "யோராம் உசியாவைப் பெற்றான்" என்று இருக்கிறது. 1 நாளாகமம் 3ஆம் அதிகாரத்தில் அந்த இருவருக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள். 'பெற்றான்' என்ற சொல் நேர் மகனைத்தான் குறிக்க வேண்டும் என்பதில்லை.

ஆதாமின் மகன் காயீனின் மனைவி யார் என்ற கேள்விக்கு ஆதியாகமம் 5:4 போதும்: ஆதாமுக்குக் குமாரத்திகளும் இருந்தார்கள். அதற்கு மேல் வேதம் பேசவில்லை. நாலாம் நாளில்தான் சூரியன் வருகிறது, முதல் மூன்று நாளும் எப்படி நாள் ஆகும் என்பதும் இன்றைய கேள்வி அல்ல. ஆதித் திருச்சபை அறிஞர்களில் ஒரிகன் கேட்டிருக்கிறார், அகஸ்டின் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள்.

இன்னொன்று, அதிகாரம் முடிந்ததும் வேதாகமத்தை மூடிவிடுவது. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. படைப்பின் கதை முதல் அதிகாரத்தோடு முடியாமல் 2:3 வரை ஓடுகிறது. அன்று அந்த மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்தோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பாட்டி கேட்டார்: "தம்பி, ஒவ்வொரு நாளுக்கும் சாயங்காலமும் விடியற்காலமுமாகின்னு வந்துச்சே, ஏழாம் நாளுக்கு ஏன் இல்ல?" இதுதான் வசனத்திலேயே இருக்கும் இடைவெளி. எபிரெயர் 4ஆம் அதிகாரம் அந்த ஏழாம் நாளைப் பிடித்துக்கொண்டுதான் தேவனுடைய ஜனங்களுக்கு இளைப்பாறுகிற காலம் இன்னும் இருக்கிறது என்று பேசுகிறது. டைனோசரைப் பையன் அப்படியே விட்டுவிட்டான். போனை வாங்கி எபிரெயர் 4-ஐ எடுத்து, பாட்டிக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிக்கத் தொடங்கினான்.