தொழில் பகுப்பாய்வு: இலங்கை மலையகத்தில் இதைக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பதவியில் இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார், எந்த முடிவுகளை எடுக்கிறார், எதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர் என்பதைக் கண்டறிவதே தொழில் பகுப்பாய்வு. ஆட்சேர்ப்பு, பயிற்சி, சம்பளப் படிநிலை ஆகியவை இதை நம்பியே அமைக்கப்படுவதால், இங்கே நேரும் பிழை பின்னர் அவை அனைத்திலும் தொடரும்.

மிகப் பெரிய தவறு, பதவிப் பெயரையும் கோப்பிலுள்ள பழைய பணிப் பட்டியலையும் நம்பி எழுதுவதாகும். தேயிலைத் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரின் பட்டியலில் 'கொழுந்தை நிறுத்துப் பதிதல்' என்று ஒரு வரி இருக்கலாம். மாலை நிறுவையின்போது கொழுந்து மடுவத்தில் (கொய்த இலையை நிறுக்கும் கொட்டகையில்) நின்று பார்த்தால் அந்த வரிக்குள் எத்தனை வேலைகள் அடங்கியுள்ளன என்பது தெரியும். மழையில் நனைந்த கொழுந்துக்கு எவ்வளவு கழிப்பது, முற்றிய இலை கலந்திருந்தால் என்ன செய்வது, கழிவு அதிகம் என்று வாதிடும் பெண்ணுக்கு எப்படி விளக்கம் சொல்வது, அமுங்கிக் கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவக்குமுன் லொறியை எப்படி அனுப்புவது என்பவற்றை அவர் அங்கேயே தீர்மானிக்கிறார். அவர் கழிக்கும் ஒவ்வொரு கிலோவும் கொய்தவரின் சம்பளத்தைத் தொடக்கூடியது. இதை வெறும் எழுத்து வேலையாகப் பதிந்தால், கணக்குத் தெரிந்த, ஆனால் மடுவத்தில் நியாயமாக நடக்கத் தெரியாத ஒருவரே அடுத்துத் தெரிவாவார்.

துரையை, அதாவது தோட்ட முகாமையாளரை, மட்டும் கேட்டு முடித்துவிடுவதும் தவறு. அவர் எதிர்பார்ப்பதைச் சொல்வார்; நடப்பதைச் செய்பவரே சொல்ல முடியும். ஆனால் "உங்கள் வேலை என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் "வழமையான வேலைதாங்க" என்ற பதிலே கிடைக்கும். அமெரிக்க உளவியலாளர் ஜோன் பிளனகன் 1954இல் வெளியிட்ட முக்கிய நிகழ்வு முறை இங்கே பெரிதும் உதவும்: கடைசியாக எப்போது வேலை சிக்கலானது, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் நோக்கத்தையும் சொல்லிவிடுங்கள். ஆட்குறைப்புக்கோ, நாளொன்றுக்குக் கொய்ய வேண்டிய கிலோ அளவைக் கூட்டுவதற்கோ வந்திருக்கிறார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு.

ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு எழுதுவது மலையகத்தில் குறிப்பாக ஆபத்தானது. திம்புள்ளைப் பகுதியின் தரமான தேயிலைப் பருவம் ஆண்டின் முதல் மாதங்களிலும், ஊவாவினுடையது ஏறத்தாழ ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலும் வருகிறது. கொழுந்து குவியும் மாதத்தில் தொழிற்சாலை உத்தியோகத்தர் படும் பாடு வேறு, வறண்ட காலத்தில் அவருடைய வேலை வேறு.

'மேற்பார்வை செய்தல்', 'உதவுதல்' போன்ற சொற்களைத் தனியே விடாதீர்கள். யாரை, எதில், எவ்வளவு அடிக்கடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பதவியை விட்டுவிட்டு அதில் இருப்பவரை எழுதிவிடுவது இன்னொரு தவறு. கொழுந்து கொய்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள்; மேற்பார்வையில் நெடுங்காலமாக ஆண்களே அதிகம் இருந்து வந்துள்ளனர். அந்த வழக்கத்தைப் பார்த்து 'ஆண்' என்பதைத் தகைமையாக எழுதுவது, வேலைக்குத் தேவையில்லாத ஒன்றை நிபந்தனையாக்கி, தகுதியுள்ள பெண்களுக்கு வழியை அடைத்துவிடும். ஒவ்வொரு தகைமைக்கும் நேராக அதைக் கோரும் பணி எது என்று காட்ட முடியாவிட்டால் அதை நீக்கிவிட வேண்டும்.

எழுதி முடித்த விபரத்தை, முகாமையாளர் கையொப்பமிடுமுன், அந்த வேலையைச் செய்பவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.